இசைத்தட்டின் மறுபக்கம்

நுழையும்முன்

பாடலைக் கேட்கிறோம், பாடியவரைப் போற்றுகிறோம். அப்பாடல் நம் செவியை வந்தடைவதற்கு உழைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஒலியைப் பதிந்தவர், உடன் வாசித்தவர், தட்டை வார்த்தவர், உறையை வரைந்தவர், கணக்கை எழுதியவர் எனப் பலருடைய உழைப்பு ஓர் இசைத்தட்டுக்குள் உறைந்துள்ளது. கண்ணுக்குத் தெரியாத அக்கைகளை அறிமுகப்படுத்துகிறது இக்கட்டுரை.

செப்பேடும் இசைத்தட்டும்

முல்லைப்பெரியாற்றின் நீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் சின்னமனூர். நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூருக்குத் தமிழ் வரலாற்றில் தனியிடம் உண்டு. பாண்டியர் வரலாற்றை அறிய உதவும் சின்னமனூர்ச் செப்பேடுகள் இங்குக் கிடைத்தவை. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்குவித்ததையும் பாண்டியர் தம் பெருமைகளாகக் கூறிக்கொண்ட செய்தி, இவற்றுள் பெரியதாகிய செப்பேட்டின் வழியாகவே நமக்குத் தெரியவருகிறது.

செப்பேடு என்பது சொல்லைத் தாங்கும் உலோகத் தகடு. இசைத்தட்டு என்பது ஒலியைத் தாங்கும் தட்டு. முன்னதில் உளி எழுத்தை வெட்டியது; பின்னதில் ஊசி ஒலியை வெட்டியது. இரண்டும் காலத்தை வென்று நிற்க வேண்டும் என்னும் விருப்பத்தால் பிறந்தவை. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பழைய செப்பேடுகள் பலவற்றில் கொடை அளித்த மன்னனின் பெயரோடு, மெய்க்கீர்த்தி பாடியவர் பெயரும் எழுத்து வெட்டியவர் பெயரும் இடம்பெற்றுள்ளன. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேட்டை வெட்டியவர் யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன் என்பதை இன்றும் நாம் அறிவோம். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் நாட்டில் பதிவான முதல் இசைத்தட்டுகளில் உடன் வாசித்தவர் யார், அவற்றைத் தொழிற்சாலையில் வார்த்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

இசைத்தட்டின் நடுவில் வட்டமாக ஒட்டப்பட்ட தாளுக்கு 'லேபிள்' என்று பெயர். நிறுவனத்தின் முத்திரை, பாடலின் முதலடி, பாடியவர் பெயர், தட்டின் எண் ஆகியவை அதில் இருக்கும். அத்தாளின் பெயரே நாளடைவில் இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்திற்கும் ஆகிவந்தது. உள்ளங்கை அளவே உள்ள அந்தத் தாளில் இடம் பெறாதவர்களைப் பற்றியே இங்குக் காணவிருக்கிறோம்.

பெயர் சொல்லிப் பாடிய பாடகி

1877இல் தாமசு ஆல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் போனோகிராப் கருவியை உருவாக்கினார். அதில் ஒலி உருளையில் பதிந்தது. 1887இல் எமில் பெர்லினர் தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். உருளையைவிடத் தட்டை எளிதாகப் படியெடுக்க முடிந்தது. ஒரு பதிவிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை வார்க்க இயன்றபோது இசை ஒரு தொழிலாகவும் ஆனது.

1902இல் இலண்டனிலிருந்து கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கொல்கத்தாவுக்கு வந்தார். அங்கு அவர் பதிந்த குரல்களுள் புகழ்பெற்றது கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல். பாடலின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை அத்தட்டுகளில் கேட்கலாம். தற்பெருமைக்காக அவர் அவ்வாறு சொல்லவில்லை. பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலைக்குச் சென்று அங்கேதான் தட்டுகளாக வார்க்கப்பட்டன. இந்திய மொழிகளை அறியாத தொழிலாளர் எந்தத் தட்டு யாருடையது என்று அறிந்து சரியான தாளை ஒட்டவேண்டும். அதற்காகவே பாடகர்கள் தம் பெயரைச் சொன்னார்கள் என்பர். முன்னே நின்று பாடியவர், கடல் கடந்து பின்னே நின்று உழைத்தவருக்குச் சொன்ன செய்தி அது. அத்தொழிலாளர் தம் பெயரைப் பாடகருக்குச் சொல்ல வழி இல்லை.

மெழுகிலிருந்து தட்டு வரை

1925க்கு முன் ஒலிப்பதிவில் மின்சாரத்திற்கு இடமில்லை. பெரிய கூம்பு ஒன்றின் அகன்ற வாயை நோக்கிப் பாடகர் உரத்த குரலில் பாடவேண்டும். ஒலியின் அதிர்வு கூம்பின் மறுமுனையில் உள்ள மென்தகட்டை அசைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் நுண்ணிய பள்ளத்தை வெட்டிச் செல்லும். ஓங்கி ஒலிக்கும் கருவிகளைத் தள்ளியும் மெல்ல ஒலிக்கும் கருவிகளை அருகிலும் அமர்த்துவது ஒலிப்பதிவாளரின் கலை. இன்று பொறிகள் செய்யும் ஒலிச்சமநிலையை அன்று மனிதர்களை இடம் மாற்றி அமரவைத்தே அவர் உண்டாக்கினார். யாரேனும் இருமினாலும் தாளம் தவறினாலும் அந்த மெழுகுத் தட்டு வீண். வேறு தட்டில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

பதிந்த மெழுகுத் தட்டின்மேல் மின்சாரம் பாய்வதற்காகக் கரித்தூள் பூசுவர். பின் அதை மின்முலாம் பூசும் கரைசலில் இறக்குவர். மெழுகின்மேல் உலோகம் படிந்து, பள்ளம் மேடாக மாறிய எதிர்ப்படிவம் உருவாகும். இதற்குத் 'தந்தை' என்று பெயர். அதிலிருந்து எடுக்கும் நேர்ப்படிவம் 'தாய்'. தாயிலிருந்து எடுக்கப்படும் அச்சுகளே தட்டுகளை வார்க்கும். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கோடு கல்மாவும் கருநிறத் தூளும் கலந்து, சூட்டில் இளகிய அக்கலவையை இரண்டு அச்சுகளுக்கு இடையில் வைத்து அழுத்தினால் இருபுறமும் பாடும் தட்டு கிடைக்கும். 1908இல் கொல்கத்தாவில் தொழிற்சாலை தொடங்கப்பட்ட பின்னர் இந்தியத் தட்டுகள் இந்தியாவிலேயே வார்க்கப்பட்டன. சூட்டிலும் அரக்கின் நெடியிலும் நின்று தட்டுகளை அழுத்தி எடுத்த தொழிலாளரின் கைகள் வழியாகவே நம் முன்னோர் இசை கேட்டனர்.

நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சற்றேறக்குறைய மூன்று நிமிடமே பாட இயலும். இரவெல்லாம் நடக்கும் நாடகத்தின் பாட்டையும் மணிக்கணக்கில் விரியும் கச்சேரியின் கீர்த்தனையையும் மூன்று நிமிடத்திற்குள் அடக்கவேண்டும். எந்த அடியை வைப்பது, எந்தச் சங்கதியை விடுவது என்னும் தேர்வும் இசைத்தட்டுத் தொழிலின் ஒரு பகுதியாயிற்று. இன்று நாம் கேட்கும் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிவதற்கு அரக்குத் தட்டின் அந்த எல்லையும் ஒரு காரணம்.

தெரியுமா?

கிராமபோனின் கூம்புக்கு முன் அமர்ந்து உற்றுக் கேட்கும் நாயின் படம் எச்.எம்.வி. நிறுவனத்தின் முத்திரை. அந்நாயின் பெயர் நிப்பர். அதை வரைந்த பிரான்சிசு பரோ முதலில் போனோகிராப் கருவியையே படத்தில் தீட்டியிருந்தார். 1899இல் கிராமபோன் நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அதை மறைத்துக் கிராமபோனை வரைந்து தந்தார்.

தமிழகத்தில் இசைத்தட்டுத் தொழில்

தமிழகத்தில் இசைத்தட்டு பரவியபோது அதற்கு உயிர் தந்தவர்கள் நாடக மேடைக் கலைஞர்கள். எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் முதலானோரின் குரல்கள் தட்டுகளின் வழியே ஊர் ஊராகச் சென்றன. எம்.எஸ்.சுப்புலட்சுமி தம் முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது அவருக்கு வயது பத்து. அப்பதிவில் வீணை வாசித்தவர் அவருடைய அன்னையார் சண்முகவடிவு. மகளின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. வீணை மீட்டிய விரல்களை நினைப்போர் சிலரே.

பாடுவதற்குப் பாட்டு வேண்டும். நாடகத்திற்கும் இசைத்தட்டுக்கும் பாட்டெழுதிக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் மதுரகவி பாஸ்கரதாஸ். அவர் எழுதிய தேசியப் பாடல்களை மேடைக் கலைஞர்கள் பாடினர். மக்கள் அவற்றைத் தம் பாடல்களாகவே ஏற்றுக்கொண்டனர். 1931இல் வெளிவந்த, தமிழ் பேசும் முதல் படம் எனப்படும் 'காளிதாஸ்' படத்திற்கும் அவர் பாடல் எழுதினார். அவர் எழுதிவந்த நாட்குறிப்புகள் பின்னாளில் நூலாக வெளிவந்தன. பாட்டெழுதுபவரின் அன்றாட உழைப்பை அறிய உதவும் அரிய சான்று அந்நூல்.

தட்டை உருவாக்குவது ஒரு வேலை. அதை மக்களிடம் சேர்ப்பது மற்றொரு வேலை. காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி.மெய்யப்பன் இசைத்தட்டு விற்பனையாளராகவே தம் வாழ்வைத் தொடங்கினார். பின்னர் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தி, ஓடியன் இசைத்தட்டுகளைத் தென்னகத்தில் விற்கும் உரிமையைப் பெற்றார். எந்தப் பாடகரின் எந்தப் பாட்டு மக்களுக்குப் பிடிக்கும் என்பதைக் கடைக்கு வருவோரின் முகத்தைப் பார்த்தே கற்றவர் அவர். அந்தப் பட்டறிவே பின்னாளில் ஏவி.எம். என்னும் திரைப்பட நிறுவனத்திற்கு அடித்தளமாயிற்று.

ராக் இசையும் நிறுவனங்களும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசை மரபை வேராகக் கொண்டு தோன்றியது ராக் இசை. மின்கித்தார், அடிநிலைக் கித்தார், டிரம்ஸ் ஆகியவை அதன் உயிர்நாடிகள். கூம்பு ஒலிவாங்கிய காலத்தில் இத்தகைய இசை பிறந்திருக்க முடியாது. மைக்கும் ஒலிபெருக்கியும் ஒலிநாடாவும் வந்த பிறகே அது பிறந்தது. ஆதலால் ராக் இசையில் மேடைக்கு இணையாக ஒலிப்பதிவுக்கூடமும் நிறுவனமும் முக்கியமாயின.

வாழைத்தார் தோட்டத்திலிருந்து நம் வீட்டை அடையும் வழியை நினைத்துப் பார்த்தால் நிறுவனத்தின் அமைப்பு எளிதில் விளங்கும். கன்று தேர்ந்தவர், நீர் பாய்ச்சியவர், தார் வெட்டியவர், தோளில் சுமந்தவர், லாரியில் ஏற்றியவர், மண்டியில் விலை வைத்தவர் என ஒவ்வொருவரும் இன்றியமையாதவர். அவ்வாறே இசைத்தட்டு நிறுவனத்திலும் கலைஞரைத் தேர்வு செய்வோர், பாடலை நெறிப்படுத்தும் தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர், உடன் வாசிக்கும் கலைஞர், உறை வடிவமைப்பாளர், விளம்பரம் செய்வோர், கடைகளுக்கு அனுப்புவோர், உரிமைத்தொகையைக் கணக்கிடுவோர் எனப் பலர் உள்ளனர்.

தேர்வு என்பது காதின் வேலை. 1953இல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் சாம் பிலிப்சு என்பவரின் ஒலிப்பதிவுக்கூடத்திற்கு ஓர் இளைஞர் வந்தார். கட்டணம் செலுத்தித் தமக்காக ஒரு தட்டைப் பதிந்துகொள்வது அவர் நோக்கம். அலுவலகத்தில் இருந்த மரியன் கெய்ஸ்கர் என்னும் பெண்மணி அக்குரலில் ஏதோ ஒன்று இருப்பதை உணர்ந்து அவர் பெயரைக் குறித்துவைத்தார். மறு ஆண்டு அதே கூடத்தின் சன் ரெக்கார்ட்சு நிறுவனம் அவருடைய முதல் தட்டை வெளியிட்டது. அவ்விளைஞரே எல்விசு பிரெசுலி. உலகம் எல்விசை அறியும். குறிப்பெடுத்த கையை அறிந்தோர் குறைவு.

பீட்டில்சு குழுவினரை 1962இல் ஒரு பெரிய நிறுவனம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. பார்லபோன் என்னும் லேபிளின் பொறுப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அவர்களை ஏற்றுக்கொண்டார். செவ்வியல் இசை பயின்ற அவர், 1965இல் வெளிவந்த 'யெஸ்டர்டே' பாடலுக்கு ஒரு கித்தாரோடு நால்வர் வாசிக்கும் நரம்பிசையைச் சேர்க்கலாம் எனக் கூறினார். அதுவே அப்பாடலின் அடையாளமாயிற்று. அக்குழுவின் ஒலிப்பதிவாளர் ஜெப் எமரிக் பதினைந்து வயதில் பணியில் சேர்ந்தவர். 1966இல் பெரிய மேளத்தினுள் கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை வழக்கத்தைவிட நெருக்கமாக வைத்துப் பதிந்தார். அடித்தவுடன் நெஞ்சில் இடிப்பது போன்ற அந்த மேள ஒலி பின்னர் ராக் இசை எங்கும் பரவியது. கேட்போர் கருவியைப் பாராட்டினர். கம்பளிச் சட்டையை யாரும் பார்க்கவில்லை.

கேட்பதற்கு முன்னரே காணும் பொருளாகத் தட்டின் உறை அமைகிறது. 1940 வரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்றுத் தாளுறையிலேயே விற்கப்பட்டன. கொலம்பியா நிறுவனத்தின் ஓவியர் அலெக்சு சுடைன்வைசு உறைக்கு ஓவியம் தீட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1973இல் வெளிவந்த பிங்க் பிளாய்டு குழுவின் தொகுப்பில், முப்பட்டகத்தின் வழியே ஒளி ஆறு நிறமாகப் பிரியும் ஓவியத்தை இன்று உலகெங்கும் சட்டைகளில் அச்சிட்டு அணிகின்றனர். அதை வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி என்பதை அணிவோரில் பலர் அறியார்.

பெயரின்றி வாசித்தவர்கள்

பின்னணி உழைப்பாளருள் மிகுதியாக மறக்கப்பட்டவர்கள் உடன் வாசித்த கலைஞர்களே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் என்னும் நிறுவனம் 1960களில் வெளியிட்ட வெற்றிப் பாடல்கள் பலவற்றில் வாசித்தவர்கள் ஒரே குழுவினர். பாடகர் மாறினர், இவர்கள் மாறவில்லை. 'பங்க் பிரதர்ஸ்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட அவர்களின் பெயர்கள் பல ஆண்டுகள் உறையில் அச்சிடப்படவில்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட தொகுப்பு ஒன்றிலேயே முதன்முதலாக அவை இடம்பெற்றன. அக்குழுவில் அடிநிலைக் கித்தார் வாசித்த ஜேம்சு ஜேமர்சன் 1983இல் மறைந்தார். ராக் இசைப் புகழ்க்கூடம் உடன் வாசிப்போருக்கெனத் தனிப்பிரிவை ஏற்படுத்தி அவரைச் சிறப்பித்தது 2000ஆம் ஆண்டில். பாராட்டு வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இதே கதை நம் கோடம்பாக்கத்திலும் உண்டு. சின்னமனூர் அமைந்துள்ள அதே உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பது பண்ணைப்புரம். அங்கிருந்து பாவலர் வரதராசனும் அவர்தம் தம்பியரும் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சென்று பாடினர். அத்தம்பியருள் ஒருவரான இளையராஜா சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்றார். தம் பெயர் திரையில் வருமுன், இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகவும் கித்தார் கலைஞராகவும் பணியாற்றினார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவரும்வரை அவரும் பின்னணியில் இருந்த கைகளுள் ஒன்றாகவே இருந்தார்.

கால்ஷீட் கணக்கில் பணிபுரியும் இக்கலைஞர்கள் காலையில் கூடத்திற்கு வருவர். அவரவர் வாசிக்க வேண்டிய பகுதியை இசைக்குறியீடுகளாகப் படியெடுத்துக்கொள்வர். ஒத்திகை முடிந்ததும் பதிவு நடைபெறும். பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் முறை பரவுவதற்கு முன்பு பாடகரும் கருவியிசைக் கலைஞரும் ஒரே நேரத்தில் சேர்ந்தே பதிவு செய்தனர். நாற்பது பேரில் ஒருவர் ஓர் இடத்தில் பிழை செய்தாலும் நாற்பது பேரும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும். இளையராஜாவின் இசையில் வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன், அடிநிலைக் கித்தார் வாசித்த சசிதரன், டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், புல்லாங்குழல் இசைத்த நெப்போலியன் முதலியோர் இல்லாமல் தமிழரின் ஒரு தலைமுறை இசைநினைவே இல்லை. இத்தகைய கலைஞர்களின் ஊதியத்திற்காகவும் மதிப்பிற்காகவும் அவர்களை ஒரு சங்கமாகத் திரட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன்.

ஊர்வரை வந்த இசை

இசைத்தட்டின் பயணம் நிறுவனத்தின் வாயிலோடு முடிவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் தனியொருவர் வீட்டில் இசைத்தட்டுப் பெட்டி இருப்பது அரிது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவிலும் சின்னமனூர்த் தேரோட்டத்திலும் திருமண வீடுகளிலும் மரக்கிளையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியே ஊருக்குப் பொதுவான இசைக்கூடம். மைக் செட் வைப்பவர் தட்டுகளை மரப்பெட்டியில் அடுக்கி, வெயில் பட்டு வளையாமலும் கீறல் விழாமலும் காப்பார். ஊசி தேய்ந்தால் மாற்றுவார். விடியலில் எந்தப் பாடல், தாலி கட்டியபின் எந்தப் பாடல் என்பது அவருக்கு மனப்பாடம். எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாத அவரே ஊரின் இறுதி விநியோகத்தர்.

பெயர்களைக் காத்ததில் வானொலிக்கும் பங்கு உண்டு. தென்தமிழகத்தில் விரும்பிக் கேட்கப்பட்ட இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் அழகுத் தமிழில் அறிவித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாடலாசிரியர் பெயரை அறிந்தது அவர்களால்தான்.

1963இல் பிலிப்சு நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிப்பேழை எனும் கேசட், 1980களில் இசையை எளியோர் கைக்குக் கொண்டுவந்தது. கடைத்தெருவில் விருப்பப் பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து வெற்று நாடாவில் பதிந்து வாங்கினர். கேட்போருக்கு இது பெரும் இன்பம். ஆயினும் அவ்வாறு பதியப்பட்ட நாடாவால் பாட்டை உருவாக்கியவருக்கு ஒரு காசும் சேரவில்லை. உறை இல்லாத அந்த நாடாவில் யாருடைய பெயரும் இல்லை.

இதே காலத்தில் மாற்றமும் தொடங்கியது. சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்னும் ராக் குழுவில் விசைப்பலகை வாசித்த இளைஞர் ஏ.ஆர்.ரகுமான், இசையமைப்பாளரானபின் தம் ஒலிப்பேழைகளின் உள்ளட்டையில் கருவியிசைக் கலைஞர்கள், குழுப்பாடகர்கள், ஒலிப்பதிவாளர்கள் ஆகியோரின் பெயர்களை அச்சிடச் செய்தார். அவருடைய ஒலிப்பதிவாளர் எச்.ஸ்ரீதரின் பெயரைப் பள்ளி மாணவரும் அறிந்தது அவ்வாறுதான். உள்ளட்டையை விரித்துப் படிப்பது பாடல் கேட்பதன் ஒரு பகுதியாகவே ஆயிற்று.

தெரியுமா?

ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் பன்னாட்டுக் குறியீடு வழங்கப்படுகிறது. பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட இக்குறியீடு, பதிவை எங்கு ஒலித்தாலும் அடையாளம் காண உதவுகிறது.

பெயரும் உரிமையும்

பெயர் என்பது பாராட்டு மட்டுமன்று. அது உரிமையின் தொடக்கம். ஒரு பாடலில் யார் யார் உழைத்தனர் எனப் பதிவு செய்யப்பட்டால்தான் அப்பாடல் ஈட்டும் தொகையில் அவர்களுக்குப் பங்கு கேட்க இயலும். நெடுங்காலம் பாடலாசிரியரும் இசைக்கலைஞரும் ஒருமுறை தரப்படும் தொகையைப் பெற்றுக்கொண்டு விலகினர். பாடல் பல்லாண்டு ஒலித்தாலும் அவர்கள் இல்லத்து அடுப்புக்கு அதனால் பயனில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் முக்கியமான பாதுகாப்பை வழங்கியது. பாடலின் உரிமையை நிறுவனத்திற்கு எழுதிக் கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாகப் பிற வழிகளில் அப்பாடல் பயன்படும்போது உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை அவர்கள் இழக்க மாட்டார்கள். நிகழ்த்துநர், அதாவது பாடியவரும் வாசித்தவரும், அப்பதிவில் தாமே நிகழ்த்தியவர் என அடையாளம் காட்டப்படும் உரிமையையும் அத்திருத்தம் ஏற்றுக்கொண்டது. பெயர் இடுவது பெருந்தன்மை என்ற நிலை மாறி, உரிமை என்ற நிலைக்கு வந்தது.

இன்று இசைத்தட்டும் ஒலிப்பேழையும் அருங்காட்சிப் பொருள்களாகிவிட்டன. கைப்பேசியைத் தொட்டதும் பாடல் ஒலிக்கிறது. சென்னையில் கானா, ராப், ராக் ஆகியவற்றை இணைத்து 2018இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' போன்ற குழுக்கள், திரைப்படத்தைச் சாராமலும் தமிழிசை மக்களைச் சென்றடையும் எனக் காட்டியுள்ளன. பெரிய தொழிற்சாலையும் கிடங்கும் இன்றி ஓர் அறையிலிருந்தே பாடலை உலகிற்கு வெளியிடலாம். ஆயினும் இசை எளிதாகக் கிடைக்கும் இக்காலத்தில் உள்ளட்டை மறைந்துவிட்டது. கைப்பேசித் திரையில் பாடலின் பெயரும் ஓரிரு கலைஞர் பெயரும் மட்டுமே உடனே தெரிகின்றன. மற்ற விவரங்களை வெளியீட்டாளர் முறையாக நிரப்பினால்தான் அவை நிலைக்கும். நிரப்பாமல் விட்டால் உழைத்தவர் மீண்டும் பெயரற்றவராவர். எனவே இக்கால இசை நிறுவனத்தில் விவரங்களைப் பிழையின்றிப் பதிவு செய்பவரின் பணி, அக்காலத்தில் செப்பேட்டில் எழுத்து வெட்டியவரின் பணிக்கு நிகரானது.

மன்னர்கள் மறைந்தனர், அவர்தம் கோட்டைகள் சிதைந்தன. ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் உளி பிடித்தவரின் பெயர் வேள்விக்குடிச் செப்பேட்டில் அழியாமல் இருக்கிறது. சொல்லைச் சொன்னவரோடு அதைத் தாங்கச் செய்தவரையும் மதித்த மரபு நம்முடையது. அடுத்த முறை நமக்குப் பிடித்த பாடல் ஒலிக்கும்போது, குரலுக்குப் பின்னால் இழையும் வயலினை வாசித்தவர் யார் என்று ஒருமுறை தேடிப் பார்ப்போம். அப்பெயரை உரக்கச் சொல்வோம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மைக் செட் அல்லது ஒலிப்பேழைக் கடை நடத்திய பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் பணி அனுபவங்களைக் கேட்டு ஒருபக்க அளவில் எழுதுக.

2. உங்களுக்குப் பிடித்த பாடல் ஒன்றின் பாடலாசிரியர், இசையமைப்பாளர், கருவியிசைக் கலைஞர், ஒலிப்பதிவாளர் பெயர்களைத் திரட்டி, அப்பாடலுக்கு ஓர் உள்ளட்டை உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் மேடையில் தோன்றாது உழைத்தவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்களுக்கு நன்றி கூறும் உரை ஒன்றை எழுதுக.

குறுவினா: கௌஹர் ஜான் பாடலின் முடிவில் தம் பெயரைச் சொன்னது ஏன்?

சிறுவினா: மெழுகுத் தட்டிலிருந்து இசைத்தட்டு உருவாகும் முறையை விளக்குக.

நெடுவினா: 'பெயர் என்பது உரிமையின் தொடக்கம்' – இசைத்துறைச் சான்றுகளுடன் நிறுவுக.